கரைவரை கேட்ட பேட்டி

இப்போது டெலிவிஷனில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நிகழ்ச்சி வருகிறது. சினிமாக்காரர் ஒருவரைச் சோபாவில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். பக்கத்தில் ஒருவன் குறுக்கே புகுந்து கோமாளித்தனம் செய்கிறான். நடுநடுவே வாத்தியக்காரர்கள் வாசிக்கிறார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் பத்து நிமிஷம் பார்ப்பேன், பிறகு எழுந்து போய்விடுவேன். கிழவனுக்குப் பொறாமை என்று என் மகன் நினைக்கிறான். இந்த வித்தையை அறுபதுகளிலேயே கடலூரில் நாங்கள் காட்டியாகிவிட்டது என்று ஒரு தடவை அவனிடம் சொன்னேன். "சும்மா இருப்பா" என்றான். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

நாங்கள் என்றால் மொத்தம் ஆறு பேர். மஞ்சக்குப்பத்தில் மைக் செட் வாடகைக்கு விடும் கடைக்காரர் ஒருவர். கேள்வி கேட்பவர் அவர்தான். ஆர்மோனியம், தபேலா, புல்புல்தாரா வாசிக்க மூன்று பேர். பாடுவதற்கு ஒரு டிராயிங் மாஸ்டர். கடைசியில் நான். டவுனில் ரூம் எடுத்துத் தங்கி, பகலில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட், ராத்திரியில் குரல் மாற்றிப் பேசுகிறவன்.

மைக் செட்காரருக்கு ஒரு சூட்சுமம் தெரிந்திருந்தது. மெட்ராஸ் சினிமாக்காரர்கள் படம் வெளிவருவதற்கு முன்னால் சிதம்பரத்துக்கு வேண்டுதலுக்கு வருவார்கள். படம் ஓடாவிட்டால் இன்னும் சீக்கிரமாக வருவார்கள். திரும்பும்போது கடலூரைத் தாண்டாமல் போக முடியாது. சிதம்பரம் கீழ வீதியில் ஒரு லாட்ஜ் மானேஜரை அவர் சிநேகம் பிடித்து வைத்திருந்தார். முகம் தெரிந்த ஆள் யார் வந்து இறங்கினாலும், அடுத்த பஸ் கண்டக்டரிடம் சீட்டு வந்துவிடும். உடனே ஒருவன் கிளம்பிப் போய் அந்த மனிதரின் காலைப் பிடித்து, ஒரு மணி நேரம் எங்கள் மேடையில் உட்காரச் சம்மதிக்க வைக்க வேண்டும். இங்கே ஒரு குதிரை வண்டியில் மைக் கட்டி ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள். சாயரட்சை பூஜை பார்த்து, சாப்பிட்டு, அவர்கள் கடலூர் வந்து சேரப் பத்து மணிக்கு மேல் ஆகும். அதனால்தான் எங்கள் நிகழ்ச்சி அத்தனை நேரம் கழித்து நடந்தது. ஜனங்களும் சாப்பிட்டுவிட்டுப் பாயோடு மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள்.

மேடையில் இரண்டு பிரம்பு நாற்காலி. விருந்தாளிக்கு ஒரு மைக். ஓரத்தில் ஒரு தட்டி, அதற்குப் பின்னால் எனக்கு ஒரு மைக். விருந்தாளி ஏதாவது பெருமையாகச் சொல்லும்போது நான் ரயில்வே கார்டு மாதிரியோ, என்னுடைய வக்கீல் மாதிரியோ குறுக்கே பேசுவேன். கைதட்டல் கிடைக்கும். எல்லாவற்றையும்விட அதிகமாகக் கிடைத்தது மீன்காரர் குரலுக்குத்தான். அந்தக் குரல் என் மாமாவுடையது.

மாமா என்றால் என் அக்கா புருஷன். நாங்கள் தேவனாம்பட்டினத்துப் பக்கம் ஒரு குப்பத்துக்காரர்கள். என்னை முதல் தடவை கட்டுமரத்தில் ஏற்றியபோது குடல் வெளியே வருகிற அளவு வாந்தி எடுத்தேன். "இவன் கடலுக்கு ஆவமாட்டான், படிக்கட்டும்" என்று முடிவு சொன்னவர் மாமாதான். அவர் முடிவு சொன்னால் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது. அவருக்கு அப்படி ஒரு குரல். மரம் அலையைத் தாண்டிக் கரைக்குத் திரும்பும்போது, "கூடைய எடுத்துக்கினு வா புள்ளே" என்று இழுத்து ஒரு சத்தம் கொடுப்பார். மற்றவர்கள் கரையில் ஏறிய பிறகு கூப்பிடுவார்கள். இவர் தண்ணீரில் இருக்கும்போதே கூப்பிடுவார். குப்பத்துக்கே அது கேட்கும். அக்கா வெட்கப்பட்டுக்கொண்டே கூடையோடு ஓடுவாள்.

அதைத்தான் நான் மேடையில் செய்தேன். விருந்தாளி தன்னுடைய புதுக் காரைப் பற்றிச் சொல்லும்போது, தட்டிக்குப் பின்னாலிருந்து, "கூடைய எடுத்துக்கினு வா புள்ளே, பெரிய மீனு மாட்டியிருக்குது" என்பேன். மைதானம் அதிரும். டவுன்காரர்களுக்கு எங்கள் பேச்சைக் கேட்டாலே சிரிப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். இதை மறைக்கிற வயசு எனக்கு இப்போது இல்லை.

மாமா ஒரு தடவை வந்து மணலில் உட்கார்ந்து பார்த்தார். எல்லோரையும்விட ஜாஸ்தியாகச் சிரித்தார். மறுநாள் என்னிடம், "நான் அப்பிடியா கத்துறேன், மச்சான்?" என்று கேட்டார்.

"அப்பிடித்தான் மாமா."

"அப்போ இனிமே நான் வாயத் தொறக்க வேணாம். நீ கூப்ட்டா போதும், ஒங்கக்கா வந்துடுவா."

அவருக்குக் கோபமில்லை. எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க மனசு சரியில்லை. ஆனால் அடுத்த நிகழ்ச்சியிலும் அதைத்தான் செய்தேன்.

அந்த வருஷம் கார்த்திகையில் சிதம்பரத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. வந்திருந்தவர் அந்த நாளில் தமிழ்நாடே சிரித்த ஒரு நகைச்சுவை நடிகர். வக்கீலிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு விடியற்காலை பஸ்ஸில் நான் கிளம்பினேன். முந்தின நாள் ராத்திரி அவரோடு வந்தவர்கள் தூங்கவே விடவில்லையாம். பகல் மூன்று மணி வரை லாட்ஜ் வராந்தாவில் காத்திருந்தேன். கதவைத் திறந்தவரைப் பார்த்தால் சினிமாவில் பார்த்த ஆள் இல்லை. கண்ணுக்குக் கீழே வீங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னேன். "சிரிக்க வைக்கணுமா, உக்காந்திருந்தா போதுமா?" என்று கேட்டார். உட்கார்ந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அன்று மத்தியானம் சிதம்பரத்திலேயே காற்று பேயாக அடித்தது. வீதியில் பந்தல் கீற்றெல்லாம் பறந்தது. சாயங்காலம் அடங்கிவிட்டது. கார்த்திகையில் இதெல்லாம் சகஜம் என்று நான் அதை நினைக்கவே இல்லை. கடல் பக்கத்தில் பிறந்தவன் நினைத்திருக்க வேண்டும்.

அவருடைய காரிலேயே பத்து மணிக்கு மைதானம் வந்து சேர்ந்தோம். மைக் செட்காரர் என்னைப் பார்த்ததும், "ஒங்க குப்பத்துலேர்ந்து ஆள் வந்துது. ஒன் ரூம் பூட்டியிருந்துச்சாம். அக்கா ஒடனே வரச் சொன்னாங்களாம்" என்றார்.

"வேற ஏதாவது சொன்னாங்களா?"

"அவ்ளோதான் எங்கிட்ட வந்துது. கடைப் பையன்கிட்ட சொல்லிட்டுப் போயிட்டாங்க."

அக்கா எப்போதும் உடனே வா என்றுதான் சொல்லி அனுப்புவாள். வஞ்சிரம் கிடைத்தாலும் உடனே, குழந்தைக்குச் சளி பிடித்தாலும் உடனே. காலையில் போய்க்கொள்ளலாம் என்று தட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அந்த ஒரு முடிவை இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். மைதானத்திலிருந்து குப்பம் இரண்டு மைல்கூட இல்லை. சைக்கிள் எடுத்திருந்தால் கால் மணி நேரம்.

நடிகர் உட்கார்ந்தார், பேசிக்கொண்டபடி உட்கார மட்டும் செய்தார். "முதல் படத்தில் எப்படிச் சேர்ந்தீர்கள்?" என்றால், "கூப்பிட்டாங்க." "வீட்டிலும் இப்படித்தான் சிரிக்க வைப்பீர்களா?" என்றால், "இல்லை." கூட்டம் நெளிய ஆரம்பித்தது. பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். டிராயிங் மாஸ்டர் ஒரு பாட்டைப் பாடினார், அதுவும் எடுபடவில்லை. மைக் செட்காரர் வேர்த்து விறுவிறுத்துத் தட்டிப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பதினொரு மணி இருக்கும். கேள்வி எதுவும் இல்லாமலே நான் மாமா குரலை எடுத்தேன். முழு மூச்சில் இழுத்தேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நடிகரும் முதல் தடவையாகச் சிரித்து, "இன்னொரு தரம் கூப்பிடச் சொல்லுங்க" என்றார். இன்னொரு தரம் கூப்பிட்டேன். மூன்றாவது தரமும் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு நிகழ்ச்சி அமர்க்களமாக நடந்தது. அன்று ராத்திரி மைக் செட் கடையிலேயே படுத்துச் சந்தோஷமாகத் தூங்கினேன்.

காலையில் டீக்கடையில்தான் கேள்விப்பட்டேன். மாமாவின் மரம் முந்தின நாள் கரைக்கு வரவில்லை.

நான் போய்ச் சேரும்போது கடலோரத்தில் குப்பமே நின்றது. நடுவில் ஒரு வாலிபன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். மாமாவோடு மரத்தில் போன பக்கத்து வீட்டுப் பையன், கல்யாணமாகி நாலு மாசம்கூட ஆகவில்லை. மத்தியானக் காற்றில் கயிறு அறுந்து மரம் பிரிந்துவிட்டதாம். ஆளுக்கொரு கட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். இருட்டுவதற்கு முன்னாலேயே மாமா கட்டையை விட்டுவிட்டார் என்று அவன் சொன்னான். சொல்லிவிட்டு, "அப்புறமும் அவுருதான் என்ன வுடல" என்று அழுதான்.

அப்புறம் என்றால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. கூட்டத்தில் ஒரு பெரியவர் விளக்கினார்.

எங்கள் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காணாமல் போனவனின் குரல் கடலிலிருந்து கேட்டதாக அவன் வீட்டு ஆள் சொல்லிவிட்டால், அது எந்த நேரமானாலும், அலை எப்படி இருந்தாலும், மரத்தை இறக்கியே ஆக வேண்டும். உண்மையா என்று கேட்கக்கூடாது. கேட்டவன் அதற்குப் பிறகு மரத்தில் கை வைக்கக்கூடாது. முந்தின ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அக்கா கரையில் ஓடி, "கூப்புடுறாரு, தெக்கால இருந்து கூப்புடுறாரு" என்று கத்தியிருக்கிறாள். குப்பத்துத் தலைவரான நாட்டார் அந்த அலையை ஒரு தடவை பார்த்தாராம். பிறகு நாலு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். அரிக்கேன் விளக்கோடு இரண்டு மரத்தில் தெற்கே போனவர்கள், விடிகிற நேரத்தில் இந்தப் பையனைக் கட்டையோடு கண்டுபிடித்துத் தூக்கி வந்திருக்கிறார்கள்.

"ஒங்க மாமா செத்தும் கூப்ட்டாருடா. தனக்காவ இல்ல, கூட வந்த புள்ளைக்காவ கூப்ட்டாரு" என்றார் பெரியவர். சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துக் கும்பிட்டார்.

நான் கூப்பிட்ட நேரம் அது. மைக் செட்காரர் எப்போதும் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் குப்பத்துப் பக்கம் திருப்பிக் கட்டுவார், ஜனங்கள் வர வேண்டும் என்பதற்காக. காற்று அடங்கிய ராத்திரியில் அது கடற்கரை வரைக்கும் நன்றாகக் கேட்கும். என் குரலைக் கேட்டுத்தான் அக்கா ஏமாந்து ஓடியிருக்கிறாள். நான் கைதட்டல் வாங்குவதற்காக நாலு பேர் அந்த அலையில் போயிருக்கிறார்கள். பையன் பிழைத்தது என் புண்ணியமில்லை. நாலு பேரும் போய்ச் சேர்ந்திருந்தால் அது என் பாவமாக இருந்திருக்கும். இதெல்லாம் அங்கே நின்றபோதே தோன்றிவிட்டது. ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. குரலை விற்றுப் பெயர் வாங்கியவனுக்கு அன்றைக்குப் பார்த்து ஒரு வார்த்தை வரவில்லை.

உடம்பு கரை ஒதுங்கவில்லை. அவர் மூழ்கியதைப் பையன் பார்த்ததாகச் சொன்னதால் பதினாறாம் நாள் காரியம் செய்தார்கள். அக்காவின் தாலியை எடுத்தார்கள். அவள் அழவில்லை. ஒப்பாரி வைத்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதபோதும் கல் மாதிரி இருந்தாள். "புருசன் தெய்வமாயிட்டாரு, அதான் அழுவல" என்று சிலர் சொன்னார்கள். நெஞ்சழுத்தக்காரி என்று சிலர் சொன்னார்கள். அவள் எதிரில் நான் போய் உட்காருவேன், அவள் என்னைப் பார்ப்பாள், நான் எழுந்து வந்துவிடுவேன். இப்படியே ஒரு மாசம் போனது.

மார்கழியில் திருவாதிரைக்குச் சிதம்பரத்திலேயே ஒரு மேடை கிடைத்தது. தேர் பார்க்க வந்திருந்த சினிமாப் பாடகி ஒருவர் விருந்தாளி. வர மாட்டேன் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மீன்காரர் குரல் வேண்டாம், ரயில்வே கார்டு மட்டும் போதும் என்று மைக் செட்காரர் கெஞ்சினார். அவரை நம்பிப் போனேன். அந்த அம்மாள் அருமையாகப் பேசினார், இரண்டு வரி பாடினார். கூட்டம் நன்றாகச் சேர்ந்ததும் மைக் செட்காரருக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. "நம்ம கடலூர் மீனவர் இப்போ அம்மாவைக் கூப்பிடுவார்" என்று அறிவித்துவிட்டார். அந்த அம்மாளும் தட்டியைப் பார்த்துக் கைகூப்பி, "கூப்பிடுங்கண்ணா" என்றார்.

நான் மைக்குக்கு முன்னால் நின்றேன். சத்தம் வரவில்லை. நான் மூச்சு விடுவது மட்டும் வீதியெல்லாம் கேட்டது. இதுவும் ஒரு வேடிக்கை என்று நினைத்து ஜனங்கள் சிரித்தார்கள். நான் பேசாமல் நிற்க நிற்க அந்தச் சிரிப்பு வளர்ந்தது. பின்பக்கமாக இறங்கி நடந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்தே விடிய வைத்தேன். அக்காவிடம் சொல்லிவிடுவது, அவள் செருப்பால் அடித்தாலும் சரி என்று முடிவு செய்தேன். அவளுக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அந்தக் குரல்தான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் பொய்யைக் கும்பிட்டுக்கொண்டு அவள் காலம் தள்ளுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முதல் பஸ்ஸில் ஏறினேன்.

அக்கா வீட்டு வாசல் மணலில் பாயை விரித்துக் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"அக்கா, அன்னிக்கு ராத்திரி கேட்டது மாமா கொரலு இல்ல. நான்தான் மைக்குல கூப்ட்டேன்."

"தெரியும்" என்றாள். கை நிற்கவில்லை.

"யாரு சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? கூப்ட்ட பின்னாடியே ஜனங்க சிரிக்கிற சத்தம் வந்துச்சு. கடல்ல யாருடா அப்பிடி சிரிப்பாங்க?"

அவள் அடுத்த கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

"பொழுது சாஞ்சதுலேர்ந்து வூடு வூடா போயி கால்ல வுழுந்தேன். விடியட்டும், அலை அடங்கட்டும்னாங்க. அவுங்கள குத்தம் சொல்ல முடியாது. நீயும் வரல. அப்போ ஒன் கொரலு வந்துச்சு. கரையில ஒக்காந்திருந்த பொம்பளைங்களுக்கும் லேசா கேட்டுருக்குது, ஒரு மாதிரி முழிச்சாங்க. அவுங்க மைக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி நான் ஓட ஆரம்பிச்சிட்டேன். வாடைக் காத்துக்கு எதா இருந்தாலும் தெக்கதான் இழுத்துக்கினு போவும், அதான் தெக்க கைய காமிச்சேன். கேட்டேன்னு நான் சொல்லிட்டா அவுங்க போயிதானே ஆவணும்."

"அந்தப் பையன் பொழச்சான்ல, அக்கா. நீ சொன்னதாலதான பொழச்சான்."

"அவன் பொண்டாட்டி தெனம் எனக்குத் தண்ணி கொண்டாந்து வைக்குது. என் கால தொட்டு கண்ணுல ஒத்திக்குது. அதுகிட்ட இத சொல்லிடாத" என்றாள். ஒரு கருவாட்டை எடுத்து, திருப்பாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "போன நாலு பேருக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குது. வெளக்கு அலையில மறைஞ்ச ஒடனே எனக்கு பயம் வந்துடுச்சு. பொய் சொல்லி அனுப்பிட்டோமே, இவுங்க திரும்பலன்னா என்ன பண்ணுவேன்னு. விடியற வரைக்கும் அந்த நாலு பேரு வந்துட்டா போதும், வேற எதுவும் வேணாம்னு வேண்டிக்கினே ஒக்காந்திருந்தேன். வேற எதுவும் வேணாம்னுடா. அவரு போன ராத்திரி நான் அவர நெனைக்கவே இல்ல."

அதைச் சொன்ன பிறகுதான் அவள் அழுதாள்.